ஆடியில் சேலம் குகைப் பக்கம் கூழ், ரத்ததான முகாம், தெருக்கூத்து: எந்த நாள், என்ன அனுமதி, எத்தனை கிலோ மாவு?

தெருமுனை குகை கேட்டது:

வணக்கம். சேலம் குகைப் பகுதியில் எங்கள் தெரு நற்பணி மன்றத்தில் இந்த ஆடிக்கு மூன்று காரியம் பேசி வைத்திருக்கிறோம். காலையில் ரத்ததான முகாம், பதினொரு மணி வாக்கில் சுமார் 300 பேருக்குக் கூழ், ராத்திரி தெருக்கூத்து. கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற புதன்கிழமை எப்படியும் உள்ளூர் விடுமுறை, கூட்டத்துக்குப் பஞ்சமிருக்காது, மூன்றையும் அன்றைக்கே வைத்துவிடலாம் என்கிறார்கள் பாதிப் பேர். நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்குள் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாள் சரிதானா? யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்? 300 பேருக்கு மாவு எவ்வளவு பிடிக்கும்? பந்தல் போட்டால் ரோட்டில் பாதி போய்விடும், அதற்குத் தனி அனுமதி உண்டா?

செவ்வாய்பேட்டை மணி:

முதலில் நோட்டீசை நிறுத்துங்க. நாள் சரியில்லை.

பொங்கல் புதன்கிழமை விடுமுறைதான், ஆனால் அன்றைக்கு ஊரில் யாரும் சும்மா இருப்பதில்லை. பெண்கள் விடிவதற்குள் பொங்கல் பானையோடு கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். உருளுதண்டம் (கோயிலைச் சுற்றி உருண்டு வருவது), அலகு என்று வீட்டுக்கு ஒருவராவது வேண்டுதலில் இருப்பார். கோட்டை மட்டும் என்றால் பரவாயில்லை. அம்மாபேட்டை, செவ்வாய்பேட்டை, அன்னதானப்பட்டி, உங்கள் குகை என்று எல்லா மாரியம்மனுக்கும் கிட்டத்தட்ட அதே வாரம்தான் திருவிழா. மறுநாள் வியாழன் பெரும்பாலும் குகையிலேயே வண்டி வேடிக்கை, அதாவது சாமி வேஷம் கட்டி ஜோடித்த வண்டிகளில் வரும் ஊர்வலம். அதற்கு வேஷம் கட்டுகிறவர்களும் வண்டி ஜோடிக்கிறவர்களும் உங்கள் மன்றத்துப் பையன்களாகத்தான் இருப்பார்கள். அவர்களைப் புதன்கிழமை கூழ் அண்டா தூக்கக் கூப்பிட்டால் யார் வருவார்?

இன்னொன்று. உள்ளூர் விடுமுறை என்பது பள்ளி, கல்லூரி, அரசு அலுவலகங்களுக்கு. செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருகிற விடுமுறை இல்லை என்று ஆட்சியரின் அறிவிப்பிலேயே எழுதியிருப்பார்கள், அதனால் வங்கிகள் நடக்கும். பிறகு ஒரு சனிக்கிழமையை ஈடுகட்டும் வேலை நாளாக வைப்பார்கள். அந்தச் சனிக்கிழமையிலும் நிகழ்ச்சி வைத்துவிடாதீர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வர முடியாது.

நாள் கணக்கு இப்படிப் போகும். ஆடி பெரும்பாலும் ஜூலை 17-இல் பிறந்து ஆகஸ்ட் 16-இல் முடியும். திருவிழாவைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டு பெரும்பாலும் ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு வாரம் கழித்து வரும் புதன் பொங்கல். இந்த ஆண்டு எந்தச் செவ்வாய் என்பதைக் கோயிலில் கேட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும், காலண்டரைப் பார்த்து நாமாகப் போடக் கூடாது. ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும். அன்றைக்குப் பாதிச் சேலம் மேட்டூரில் இருக்கும், தெருவில் ஆள் தேட வேண்டியிருக்கும்.

கூழுக்கு நல்லது, திருவிழாக் கடைசியில் வரும் மஞ்சள் நீராட்டு முடிந்து ஆடிக்குள் மிச்சமிருக்கிற ஒரு ஞாயிறு. அப்படி ஒன்று இல்லாவிட்டால் பூச்சாட்டுக்கு முந்தின ஞாயிறு. கூத்தை முந்தின சனிக்கிழமை ராத்திரி வையுங்கள். முகாமைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அதை விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள்.

ஓ பாசிட்டிவ்:

முகாமை ஆடிக்குள் வைக்கவே வேண்டாம். ஆனியில், அதாவது ஜூலை இரண்டாவது ஞாயிறுக்குள் முடித்துவிடுங்கள். ரத்தம் கொடுப்பவர் விரதத்தில் இருக்கக் கூடாது, 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும். காப்புக் கட்டிய தெருவில் காலை ஒன்பது மணிக்கு வயிறு நிறைந்தவர் எத்தனை பேர் தேறுவார்கள்? வெறும் வயிற்றோடு, தண்ணீரும் குடிக்காமல், வெயிலில் வரிசையில் நின்று வருகிறவர்தான் ஊசியை எடுத்ததும் மயங்கி விழுவார். ஒருவர் விழுவதைப் பார்த்தால் பின்னால் நிற்கிற நாலு பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அடுத்தது அலகு. உடம்பில் துளை போட்டாலும் பச்சை குத்தினாலும் 12 மாதம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். வருஷம் தவறாமல் அலகு குத்துகிறவர் ஆனியில் வந்தாலும் கணக்குப்படி தேற மாட்டார். ஊக்கமான ஆளாகத்தான் இருப்பார், பதிவு மேசையில் உட்கார வையுங்கள். காலில் ஆணி ஏறி டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டவர் 14 நாள் பொறுக்க வேண்டும்.

உங்கள் பகுதிக்கென்று இரண்டு விஷயம் உண்டு. ராத்திரி ஷிப்டு தறி ஓட்டிவிட்டு நேரே முகாமுக்கு வருபவரிடம் எடுக்க மாட்டார்கள், தூங்கி எழுந்து வர வேண்டும். தூர ஓட்டம் போகிற லாரி ஓட்டுநர் ரத்தம் கொடுத்தால் அடுத்த 24 மணி நேரம் வண்டி எடுக்கக் கூடாது. அன்று மாலையே லோடு ஏற்றுகிறவரைக் கூப்பிட்டு வந்து சங்கடப்படுத்தாதீர்கள். இந்த இரண்டையும் நோட்டீசிலேயே போட்டுவிட்டால் நல்லது.

மற்றபடி வயது 18 முதல் 65. முதல் முறை கொடுப்பவர் 60-க்குள். எடை 45 கிலோ இருந்தால் 350 மி.லி., 55-க்கு மேல் என்றால் 450 மி.லி. எடுக்கலாம். ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக் கூடாது. பெண்களில் கணிசமானவர்கள் இந்த இடத்தில்தான் தட்டிப்போவார்கள். அதனால் நூறு பேர் பெயர் கொடுத்தால் நூறு யூனிட் என்று மேடையில் அறிவிக்காதீர்கள். ஒருமுறை கொடுத்த ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும்.

முகாமை நடத்துவது மன்றம் இல்லை, உரிமம் பெற்ற ரத்த வங்கி. நீங்கள் இடமும் ஆளும் தருகிறவர்கள், அவ்வளவுதான். ஜி.ஹெச். (அரசு மருத்துவமனை) ரத்த வங்கி மருத்துவ அலுவலருக்கு ஒரு மாதம் முன்னாலேயே கடிதம் கொடுங்கள். எதிர்பார்க்கும் எண்ணிக்கையை நேர்மையாக எழுதுங்கள், அதை வைத்துத்தான் குழு வரும். 50 முதல் 70 பேரிடம் எடுக்க ஒரு மருத்துவர் கொண்ட குழுவுக்குச் சுமார் 3 மணி நேரம், 100 முதல் 120 பேர் என்றால் 5 மணி நேரம் என்பது கணக்கு. 200 என்று பெருமைக்கு எழுதி 40 பேர் வந்தால் அடுத்த வருஷம் உங்கள் கடிதத்துக்கு மரியாதை இருக்காது.

இடம் பந்தலாக இருக்கக் கூடாது. பள்ளி வகுப்பறையோ சின்ன மண்டபமோ பாருங்கள், தரைத்தளமாக இருக்கட்டும். ரத்தம் கொடுத்துவிட்டு மாடிப்படி இறங்கும்போதுதான் தலை சுற்றும். மின்விசிறி, வெளிச்சம், கை கழுவத் தண்ணீர், விட்டுப்போகாத கரண்ட் வேண்டும். வரும் வழி ஒன்று, போகும் வழி ஒன்று. கொடுத்தவர் 10, 15 நிமிஷம் உட்கார்ந்து ஏதாவது குடித்துவிட்டு எழ வேண்டும். பின்னாலேயே பைக் சாவியோடு நிற்கிற நண்பரை வாசலில் மடக்குவதற்கென்றே ஒரு ஆள் போடுங்கள். யாராவது மயங்கினால் சுற்றிக் கூடாமல், படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சில நிமிஷத்தில் தெளிந்துவிடும், செவிலியர் பார்த்துக்கொள்வார்.

ஆகஸ்ட் 15-க்கு மாற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அன்று ஊர் முழுக்க முகாம். சிவப்பணுவை 35 முதல் 42 நாள் வரை வைக்கலாம், தட்டணு (பிளேட்லெட்) 5 நாள்தான் தாங்கும். எல்லோரும் ஒரே நாளில் கொடுத்தால் ரத்த வங்கியில் ஒரு வாரம் நிறையும், பிறகு காலி. டெங்கு கூடும் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டாவது முகாம் ஒன்று வைத்தால் அதுதான் உண்மையில் பிரயோஜனம்.

கூழ் அண்டா:

கூழைப் பார்ப்போம். 300 பேருக்கு ஆளுக்குக் கால் லிட்டர் என்றால் 75 லிட்டர். இரண்டாவது சொம்பு கேட்பவர்களுக்கும் சேர்த்து 90 லிட்டராக வையுங்கள். அதற்குக் கேழ்வரகு மாவு 7 கிலோ, பச்சரிசி நொய் 2 கிலோ, தயிர் 12 லிட்டர், கல்லுப்பு அரைக் கிலோவில் தொடங்கிப் பதம் பார்த்து ஏற்றலாம். சின்ன வெங்காயம் 4 கிலோ (பாதியை நறுக்கிக் கூழில், பாதியைக் கடித்துக்கொள்ள), பச்சை மிளகாய் அரைக் கிலோ, மோர் மிளகாய் ஒன்றரைக் கிலோ, மாங்காய் ஊறுகாய் 4 கிலோ. சிலர் கருவாட்டுக் குழம்பு கேட்பார்கள்; அது தெருவின் விருப்பம்.

முந்தின நாள் சாயங்காலம் மாவை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து மூடி வையுங்கள். அலுமினிய அண்டா வேண்டாம், புளிப்பு அதில் ஏறும்; எவர்சில்வர் அல்லது மண்பானை. விடியற்காலை 5 மணிக்கு அடுப்பு. 20 லிட்டர் தண்ணீரில் நொய்யைக் குழைய வேகவிட்டு, தீயைக் குறைத்த பிறகுதான் கரைத்த மாவை ஒருவர் ஊற்ற, இன்னொருவர் துடுப்பால் நிறுத்தாமல் கிண்ட வேண்டும். கட்டி தட்டுவது இங்கேதான். அவசரத்தில் உலர்ந்த மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாகவே நிற்கும், எவ்வளவு கிண்டினாலும் கரையாது. அரை மணி, முக்கால் மணி நேரம் கிண்டியபின் கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. அடிபிடித்த வாடை வந்தால் கரண்டியை அடியில் விடாமல் மேலாக்க வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். சுரண்டினால் மொத்த அண்டாவும் கெட்டது.

இறக்கி, இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிட வேண்டும். மோரைச் சூட்டில் சேர்த்தால் திரியும், முன்கூட்டியே மொத்தமாகச் சேர்த்தால் பன்னிரண்டு மணிக்கே நுரைத்துப் புளித்துப் போகும். ஊற்ற ஊற்ற 20 லிட்டர் அளவில் கலந்து கொடுப்பதுதான் சரி. கரைக்கச் சேர்க்கும் தண்ணீர் கேன் தண்ணீராக இருக்கட்டும். பெரும்பாலான வயிற்றுப்போக்குக்குக் காரணம் அந்தத் தண்ணீரும், கையை விட்டுக் கலக்குவதும்தான். பெயிண்டு வாளி, ரசாயனம் வந்த நீல டிரம் பக்கமே போக வேண்டாம்.

அன்னதானமும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சமையல்காரருடைய பதிவு இருக்கிறது என்றால் அதன் நகலை வாங்கி வையுங்கள். எரிவாயு வணிக சிலிண்டர், 19 கிலோ. வீட்டு சிலிண்டரைக் கொண்டுவந்து வைத்தால் தப்பு.

தம்ளர் வாங்குமுன் கவனம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையுள்ள பொருட்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் ஒன்று. காகிதம்தானே என்று கடைக்காரர் சொல்வார், உள்ளே பளபளவென்று இருப்பது பிளாஸ்டிக். வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் தம்ளர் 150 எடுத்து, கழுவ மூன்று தொட்டி வையுங்கள். தூக்குவாளி கொண்டு வருபவர்களுக்குத் தனி வரிசை விட்டால் பாதிக் கூட்டம் அங்கே போய்விடும்.

தெருமுனை குகை:

நாள் மாற்றியாயிற்று, முகாமை ஆனிக்குத் தள்ளுகிறோம். கூத்து சனிக்கிழமை. விடிய விடிய நடத்த முடியுமா? பந்தல், மைக் அனுமதி எங்கே?

மைக்செட்:

மைக்கோடு விடிய விடிய முடியாதுங்க. ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு அரசு அறிவிக்கும் சில நாட்களில் 12 மணி வரை தளர்வு உண்டு, வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல். உங்கள் சனிக்கிழமை அதில் இருக்கும் என்று எண்ணி ஏற்பாடு செய்யாதீர்கள். கூத்து ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி 6 மணிக்குத் தொடங்கி பத்துக்குள் முடிகிற மாதிரி ஒரு பகுதியை மட்டும் கேளுங்கள். முழுக் கதையையும் சுருக்கச் சொன்னால் ஆட்டமும் பாட்டும் போய் வசனம்தான் மிஞ்சும். கட்டியங்காரன் (கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளி) வரவையே முக்கால் மணி இழுக்கிற ஜமா (கூத்துக் குழு) உண்டு, அதையும் பேசிக்கொள்ளுங்கள்.

கூம்புக் குழாய் தடை, பெட்டி ஸ்பீக்கர்தான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 45 என்பது வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டர் அமைதி மண்டலம். ஸ்பீக்கரை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றித் தெருவின் கடைசிவரை கேட்கவைக்கப் பார்க்காமல், கூட்டத்துக்குள்ளேயே நாலு சின்னப் பெட்டியாகப் பிரித்து வைத்தால் சத்தம் குறைவாகவே போதும், புகாரும் வராது.

கடிதம் உங்கள் எல்லைக் காவல் நிலையத்துக்கு: தேதி, நேரம், இடம், எதிர்பார்க்கும் கூட்டம், பொறுப்பாளர் இருவர் கையெழுத்து. திருவிழாக் காலத்தில் போலீஸ் எல்லோரும் பந்தோபஸ்தில் இருப்பார்கள். பூச்சாட்டுக்கு முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். பந்தல் ரோட்டில் வருவதால் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் எழுத வேண்டும். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நாலு மண்டலம். உங்கள் வார்டு எதில் என்று பார்த்துப் போங்கள். ஆம்புலன்ஸ் நுழைய இடம் விட்டு வரைபடம் ஒன்று கையால் போட்டு இணைத்தால் கேள்வி குறையும். தார் ரோட்டைக் குழி தோண்ட வேண்டாம், மணல் நிரப்பிய டிரம்மில் கம்பத்தை நடுங்கள்.

கரண்ட் தற்காலிக இணைப்பு மின்வாரியத்தில் எடுங்கள். தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டால் அபராதத்தை விடுங்க, வோல்டேஜ் இறங்கி ஆம்ப்ளிபயர்தான் முதலில் போகும். ஆடிக் காற்றும் சாயங்கால மழையும் சேர்ந்து வரும் மாதம் இது. துணி மேற்கூரையை இறுக்கிக் கட்டினால் தண்ணீர் தேங்கிப் பை மாதிரி தொங்கி ஒரே நேரத்தில் கிழியும். ஒரு பக்கம் சரிவு விடுங்கள். ஒயர் ஜாயின்ட் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது, எர்த் கட்டாயம். ஜெனரேட்டரைக் காற்றுப் போகிற திசையில், கூத்து மேடைக்குப் பின்னால் இல்லாமல் தெருக்கோடியில் வையுங்கள். பக்கத்தில் வைத்தால் அந்த இரைச்சலை மிஞ்சச் சொல்லி மிருதங்கக்காரர் மைக்கைக் கூட்டச் சொல்வார், பிறகு 55 டெசிபல் எங்கே நிற்கும்.