ஈஸ்ட் கிராஸில் ரீகாம்பினேஷன் (பெற்றோர் மரபணுக்கள் புதிய சேர்க்கையாக மாறுவது) எதிர்பார்த்ததில் பாதிதான் வருகிறது. திங்கட்கிழமை ரிவ்யூ. உதவுங்கள்!

பாலாற்றுப்பையன்:
எம்.எஸ்சி. புராஜெக்ட், வேலூர். ஈஸ்ட் கிராஸ் போட்டிருக்கிறேன். ஒரே குரோமோசோமில் இரண்டு மார்க்கர் (அடையாள மரபணு): ஒரு பெற்றோருக்கு ஜி418 மருந்துக்கு எதிர்ப்பு, இன்னொன்றுக்கு நேட் மருந்துக்கு எதிர்ப்பு. இடைவெளி 40 கிலோபேஸ் (40,000 டி.என்.ஏ. எழுத்து). மூன்று கிலோபேஸுக்கு ஒரு சென்டிமார்கன் (நூற்றுக்கு ஒரு ரீகாம்பினேஷன்) என்று புத்தகத்தில் இருக்கிறது, அப்படியானால் 13 சதவீதம் வர வேண்டும். வருவது 6. திரும்பச் செய்தாலும் அதேதான். எங்கே தப்பு? அவசரம்.

காட்பாடி ஜங்ஷன்:
எந்த ஈஸ்ட்? எந்த ஸ்ட்ரெய்ன்? டெட்ராட் (ஒரே பைக்குள் இருக்கும் நான்கு ஸ்போர்) பிரித்தீர்களா, ராண்டம் ஸ்போரா (எல்லா ஸ்போரையும் கலந்து பரப்புவது)? எத்தனை காலனி எண்ணினீர்கள்? இதெல்லாம் சொல்லாமல் 6 என்றால் யார் என்ன சொல்ல முடியும்?

அக்னி நட்சத்திரம்:
வெயில்தான் காரணம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் நம்ம ஊரில் மத்தியானம் கரன்ட் போனால் லேப் என்ன ஆகும்? இன்குபேட்டர் வெறும் பெட்டி. போன வருஷம் என் தட்டுகளில் ஸ்போரே வரவில்லை.

காட்பாடி ஜங்ஷன்:
ஸ்போர் வராதது வேறு பிரச்சினை. இவருக்கு ஸ்போர் வந்திருக்கிறது, எண்ணிக்கைதான் இடிக்கிறது.

பாலாற்றுப்பையன்:
சாதாரண லேப் ஈஸ்ட்தான் சார். ராண்டம் ஸ்போர். 400 காலனியில் இரண்டு மருந்தையும் தாங்கியது 13, இரண்டையும் தாங்காதது 12. இன்குபேட்டர் 25 டிகிரி. மால்ட் தட்டில் ஸ்போர் ஆக்கி, எத்தனால் போட்டுக் கொன்றோம்.

ஓய்வுபெற்ற மைக்ரோஸ்கோப்:
தம்பி, 'சாதாரண லேப் ஈஸ்ட்' என்று ஒன்று கிடையாது. எம்.எஸ்சி. வரைக்கும் வந்தவருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போகட்டும். ராண்டம் ஸ்போரில் இந்தத் தப்பு எப்போதும் நடப்பதுதான். ஸ்போர் ஆகாத செல்கள் சாகாமல் தங்கிவிடும், அவை பெற்றோர் வகைக் காலனியாக முளைக்கும். வகுக்கும் எண் ஊதிப்போகும், ரீகாம்பினேஷன் குறைந்த மாதிரி தெரியும். நாங்கள் எல்லாம் ஊசி வைத்து டெட்ராட் பிரித்துப் பழகியவர்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
ஐயா, 13 இப்படி 6 ஆக வேண்டுமானால் காலனிகளில் பாதி சாகாத பெற்றோராக இருக்க வேண்டும். இரண்டு தடவையும் அதே பாதியா? டிப்ளாய்டு (இரு பெற்றோரின் குரோமோசோமும் சேர்ந்தே இருக்கும் செல்) கலப்படமும் இல்லை. இருந்தால் இரண்டையும் தாங்கும் காலனி மட்டும் கூடியிருக்கும். 13-ம் 12-ம் என்றால் சமம்தான்.

குடியாத்தம் தறி:
எல்லோரும் 'மால்ட்' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டீர்கள். பேக்கரி ஈஸ்ட் செரிவிசியேயை ஸ்போர் ஆக்கப் பெரும்பாலும் பொட்டாசியம் அசிடேட்தான் போடுவார்கள். மால்ட், 25 டிகிரி, எத்தனால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு பாம்பே (ஸ்கைசோசக்காரோமைசஸ் பாம்பே, மொட்டு விடாமல் இரண்டாகப் பிளக்கும் வேறொரு ஈஸ்ட்) வாசனை அடிக்கிறது. ஜி418, நேட் இரண்டு மார்க்கரும் இரண்டு ஈஸ்டிலும் வேலை செய்யும், அதனால் அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தம்பி, ஒரு ஸ்லைடு போட்டுப் பாருங்கள். பக்கத்தில் மொட்டு விடுகிறதா, இல்லை குச்சி போல நீண்டு நடுவில் குறுக்குச் சுவர் விழுகிறதா?

பாம்பே என்றால் 6 சரியான எண். ஒரு குறுக்கேற்றம் (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது) என்றால் 50 சென்டிமார்கன். செரிவிசியேயில் ஒரு குன்றல் பகுப்புக்கு (ஸ்போர் உருவாக்கும் செல் பிரிவு) சுமார் 90 குறுக்கேற்றம், அதாவது 4,500 சென்டிமார்கன். மரபணுத்தொகை 12,000 கிலோபேஸ். வகுத்தால் 2.7; உங்கள் புத்தகம் அதைத்தான் மூன்று என்கிறது. பாம்பேயில் மூன்றே குரோமோசோம், குறுக்கேற்றம் 45 அளவில்தான். கிட்டத்தட்ட 14,000 கிலோபேஸை 2,250-ஆல் வகுத்தால் ஆறு கிலோபேஸுக்கு ஒரு சென்டிமார்கன். 40-க்கு ஆறரை வரும். இதெல்லாம் சராசரி. நடுவில் ஹாட்ஸ்பாட் (குறுக்கேற்றம் அதிகம் நடக்கும் இடம்) இருந்தால் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும்.

ஓய்வுபெற்ற மைக்ரோஸ்கோப்:
ஈஸ்ட் ஈஸ்ட்தான். இரண்டு குரோமோசோமையும் சேர்த்துப் பிடிக்கும் சினாப்டோனீமல் காம்ப்ளெக்ஸ் எல்லாவற்றிலும் ஒன்றே. அது இல்லாமல் குறுக்கேற்றம் இல்லை. இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வரும்?

குடியாத்தம் தறி:
பாம்பேயில் அந்தக் காம்ப்ளெக்ஸே கிடையாது ஐயா. அதற்குப் பதில் நீள்கோடு மாதிரிச் சில அமைப்புகள் மட்டும். கரு செல்லின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும், ஜோடி சேர அது உதவுகிறது. ஒரு குறுக்கேற்றம் பக்கத்தில் இன்னொன்றைத் தடுக்கும் இன்டர்ஃபியரன்ஸும் அங்கே இல்லை. டி.என்.ஏ.வை முதலில் வெட்டும் புரதம் மட்டும் ஒரே குடும்பம்: செரிவிசியேயில் எஸ்பிஓ11, பாம்பேயில் ரெக்12.

செரிவிசியேவுக்கு உறவான ஈஸ்ட்களிலேயே இந்த வித்தியாசம் உண்டு. லாக்கன்சியா குளுய்வேரியில் எட்டு குரோமோசோம், ஒரு பகுப்புக்குச் சுமார் 20 குறுக்கேற்றம்தான். அதில் சி குரோமோசோமின் இடது கை முழுவதும், பத்து லட்சம் பேஸ், ஒன்றுகூட இல்லை. சக்காரோமைகோடஸ் லுட்விகியில் ரீகாம்பினேஷன் அநேகமாக இல்லவே இல்லை. ஒரே பைக்குள் இருக்கும் ஸ்போர்கள் தங்களுக்குள்ளேயே சேர்ந்துகொள்ளும்.

அக்னி நட்சத்திரம்:
பாம்பே கள்ளிலேயே இருக்குமே? சித்தூர்ப் பக்கம் போனால் பானையோடு வாங்கி வரலாம்.

ஓய்வுபெற்ற மைக்ரோஸ்கோப்:
கள்ளில் செரிவிசியேதான் பிரதானம். வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது.

அக்னி நட்சத்திரம்:
இரண்டும் இருக்கும் என்றுதானே சொல்கிறேன். நம்ம பக்கம் 1987-லிருந்து கள் தடை, அதனால் நமக்குத்தான் சாம்பிள் பஞ்சம். பனை மரம் மட்டும் வரிசையாக நிற்கிறது.

காட்பாடி ஜங்ஷன்:
கள் அரசியலுக்குத் தனி இழை தொடங்குங்கள் அண்ணா. பையனுக்குத் திங்கட்கிழமை ரிவ்யூ.

ஓய்வுபெற்ற மைக்ரோஸ்கோப்:
காம்ப்ளெக்ஸ் இல்லாதது ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்து விதியை உடைக்க முடியாது.

குடியாத்தம் தறி:
இவர் எண்ணியது அந்த விதிவிலக்கில்தானே ஐயா.

பாலாற்றுப்பையன்:
குச்சிதான். நடுவில் சுவர். ஸ்டாக் பெட்டியில் எஸ்.பி. என்று மட்டும் எழுதியிருந்தது. கைடிடம் காட்டப் போகிறேன். நன்றி அண்ணா.

காட்பாடி ஜங்ஷன்:
எத்தனாலுக்குப் பிறகு பெற்றோர் செல்களை மட்டும் ஒரு தட்டில் பரப்பிப் பார்த்தீர்களா? ஒன்றும் முளைக்கவில்லை என்று காட்டினால்தான் அந்த 6 ரிவ்யூவில் நிற்கும். தம்பி, இருக்கிறீர்களா?