திருப்பாதிரிப்புலியூர் வீட்டு குரூப்: சித்தப்பாவின் மடக்கு ரைபிள்

ஞாயிறு

சித்தப்பா (டெக்சாஸ்), காலை 6:10
📷 படம்
சுடப் பழகும் ரேஞ்சுக்குப் போய்விட்டு இப்போதுதான் வீடு வந்தேன். போன வருஷம் வாங்கினேன் என்று சொன்னேனே, அந்த .22 ரைபிள் இதுதான். ரூகர் 10/22. தோளில் வைக்கும் கட்டையை மட்டும் மாற்றி மடக்குக் கட்டை போட்டிருக்கிறேன். பக்கத்தில் இருப்பது பையனின் கிரிக்கெட் மட்டை. மடக்கினால் அதைவிடக் குட்டை.

அத்தை (லாஸ்பேட்டை), காலை 6:14
எழுந்ததும் துப்பாக்கிப் படமா! வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் தம்பி. அதை எங்கே வைக்கிறாய்? முதலில் அதைச் சொல்.

சித்தப்பா (டெக்சாஸ்), காலை 6:17
சரியான கேள்விதான் அக்கா. இரும்புப் பெட்டி, தரையோடு சேர்த்துத் திருகியது. தோட்டா வேறு பெட்டி, வேறு சாவி. இரண்டு சாவியும் என்னிடம்தான். 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை எடுக்கும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைத்தால் இந்த மாநிலத்தில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் பூட்டித்தான் வைப்பேன். மடக்கு ரைபிள் என்பதால் இன்னும் பயம். சின்னதாக இருக்கிறது, ஒரு ஸ்கூல் பையன் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம்.

தம்பி, காலை 6:21
சூப்பர் சித்தப்பா 🔥 பொங்கலுக்கு வரும்போது எனக்கு ஒன்று எடுத்து வருவீர்களா?

பெரியப்பா (கடலூர்), காலை 6:25
தம்பி, விளையாட்டுக்குக்கூட அப்படிக் கேட்காதே. நம் நாட்டில் 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் .22 கூட வைத்திருக்க முடியாது. உன் தாத்தாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது, பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக் காவலுக்கு. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் துணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். முடிந்ததும் போய் வாங்கி வருவார். நான் கூடப் போயிருக்கிறேன்.

சித்தப்பா (டெக்சாஸ்), காலை 6:29
அண்ணா சொல்வதுதான். ரைபிளை விடு தம்பி, ஒரே ஒரு தோட்டா பையின் மடிப்பில் தங்கிவிட்டால் போதும், ஏர்போர்ட்டிலேயே கேஸ். அதனால் ரேஞ்சுக்கு என்று தனிப் பை. அந்தப் பை ஊருக்கு வரவே வராது. போன தடவை சூட்கேஸ் கட்டும்போதுகூட உள்துணியை வெளியே இழுத்து ஒவ்வொரு ஜிப்பாகத் தடவிப் பார்த்தேன்.

நான், காலை 6:33
சித்தப்பா, என்னை நாளை என்சிசி ஃபயரிங்குக்கு அழைத்துப் போகிறார்கள். எங்களுக்கும் .22 தான். உங்களுடையதும் அதே தோட்டாவா?

சித்தப்பா (டெக்சாஸ்), காலை 6:38
அதேதான் கண்ணு. .22 லாங் ரைபிள். 1887-இல் வந்தது, இன்னும் அப்படியே ஓடுகிறது. ரிம்ஃபயர் என்பார்கள். பெரிய தோட்டாவில் அடியில் நடுவே பொட்டு மாதிரி ஒரு கேப் இருக்கும், ஊசி அதில் அடிக்கும். இதில் அது கிடையாது. பித்தளைக் கேஸின் அடி விளிம்புக்குள்ளேயே மருந்தைச் சுற்றிலும் தடவியிருப்பார்கள். ஊசி விளிம்பை நசுக்கினால் பற்றிக்கொள்ளும்.
உங்கள் ரைபிளில் ஒவ்வொரு குண்டுக்கும் நீயே போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் இரும்புத் துண்டை, இழுத்துத் தள்ள வேண்டும். இதில் வெடித்த வேகத்திலேயே போல்ட் பின்னால் போய், கேஸை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். விசையை மட்டும் ஒவ்வொரு தடவையும் அழுத்த வேண்டும்.

நான், காலை 6:40
அப்போது உங்களுடையதுதான் நல்லதா?

சித்தப்பா (டெக்சாஸ்), காலை 6:52
கற்றுக்கொள்ள உன்னுடையதுதான் நல்லது. ஒரு வருஷம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.
முதல் மாதம் மலிவாக இருக்கிறதே என்று 500 தோட்டா டப்பா வாங்கினேன். இருபது இருபத்தைந்து தோட்டாவாவது தகராறு பண்ணியது. சிலது வெடிக்கவே இல்லை. விளிம்பில் ஊசி விழுந்த இடத்தில் மருந்து இல்லாவிட்டால் அவ்வளவுதான். சிலது வெடித்தும் வேகம் போதாமல் போல்ட் பாதியில் திரும்பிவிடும், கேஸ் வெளியேறும் வாயில் சிக்கிப் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். ரைபிளில்தான் கோளாறு என்று நினைத்தேன். கொஞ்சம் விலை கூடிய, குண்டின் எடை 40 கிரெயின், விநாடிக்கு 1200 அடிக்கு மேல் வேகமுள்ள தோட்டாவுக்கு மாறினேன். இன்று 150 சுட்டேன், ஒன்றே ஒன்றுதான் சிக்கியது.
அடுத்தது கட்டை. வாங்கியபோது கீல் கல் மாதிரி இறுக்கமாக இருந்தது. ஆறு மாதம் மடக்கி விரித்ததில் நூலிழை அளவு ஆட்டம் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாது. கன்னத்தை வைத்தால் தெரியும், டிக் என்று நகரும். அந்த நூலிழை 50 கஜத்தில் இரண்டு அங்குலம் ஆகிவிடுகிறது. விற்றவர்களுக்கு இரண்டு தடவை எழுதினேன், பதில் இல்லை. ஆணியைக் கழற்றி மெல்லிய பித்தளைத் தகடு வைத்து இறுக்கியிருக்கிறேன்.

பெரியப்பா (கடலூர்), காலை 6:58
கன்னம் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உட்கார வேண்டும். 22 வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் கத்தியது அது ஒன்றுதான். மடக்குக் கட்டையில் கன்னத்துக்கு இடம் இருக்கிறதா?

சித்தப்பா (டெக்சாஸ்), காலை 7:01
அதுதான் அண்ணா பெரிய குறை. மெலிசாக, எலும்பு மாதிரி இருக்கிறது. வெயிலில் சுடும், குளிரில் ஜில்லிடும். சைக்கிள் ட்யூப் துண்டு சுற்றியிருக்கிறேன். ஆனாலும் மரக்கட்டை மாதிரி வராது. பழைய மரக்கட்டையைத் தூக்கிப் போடவில்லை. நிஜமாகக் குறி பார்க்க வேண்டுமென்றால் அதை மாட்டிக்கொண்டுதான் போகிறேன்.

அண்ணன் (லியோன்), காலை 7:10
சித்தப்பா, இதை இங்கே என் கிளப்புக்குக் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். 2017 ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, தோளில் வைத்துச் சுடும் செமி ஆட்டோமேட்டிக் (உங்களுடையது மாதிரி தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது), கட்டையை மடக்கியும் சுடக்கூடியதாக இருந்து 60 சென்டிமீட்டருக்குக் கீழே குறுகினால், தடை செய்த வகை. ரிம்ஃபயராக இருந்தாலும்தான். உங்களுடையது மடக்கினால் எவ்வளவு?

சித்தப்பா (டெக்சாஸ்), காலை 7:14
27 அங்குலம், அதாவது சுமார் 68.5 சென்டிமீட்டர். உங்கள் கணக்கில் தப்பிக்கும் போலிருக்கிறது. இங்கே 1934 சட்டம்: ரைபிள் என்றால் குழல் 16 அங்குலமாவது இருக்க வேண்டும், மொத்தம் 26. கட்டையை விரித்துத்தான் அளப்பார்கள். என் குழல் பதினெட்டரை.

அத்தை (லாஸ்பேட்டை), காலை 7:20
அளவெல்லாம் இருக்கட்டும். பாப்பா நாளைக்குப் போகிறாள். அவள் எதற்குப் பயப்பட வேண்டும் என்று சொல்லுங்கள்.

சித்தப்பா (டெக்சாஸ்), காலை 7:31
ஒன்று சொல்கிறேன் கண்ணு, நன்றாகப் படி. என் ரைபிளில் கடைசிக் குண்டு போனதும் போல்ட் திறந்து நிற்காது. மூடிக்கொள்ளும். பார்த்தால் காலியா நிரம்பியதா என்று தெரியாது. தோட்டா அடுக்கும் மேகசின் பத்து தோட்டா, உருளை மாதிரி, அடியில் சமமாக உட்கார்ந்துவிடும். ஒரு நாள் பத்தும் எண்ணிச் சுட்டாயிற்று என்று நினைத்து, மேகசினைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். கட்டையை மடக்கக் கை போயிற்று. ரேஞ்ச் ஆபீசர், வயதானவர், தோளைத் தொட்டு "போல்ட்டை இழு" என்றார். இழுத்தேன். உள்ளேயிருந்து முழுத் தோட்டா ஒன்று தங்க நிறத்தில் மேசையில் விழுந்து உருண்டது. நான் ஒன்பதுதான் சுட்டிருக்கிறேன்.
வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்த உருண்ட சத்தம்தான் காதில். பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து மேகசினை எடு, போல்ட்டை இழு, கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டுத் தடவு. அப்புறம்தான் கட்டையை மடக்குவேன்.

அத்தை (லாஸ்பேட்டை), காலை 7:33
இதை ஏன்டா இத்தனை நாள் சொல்லவில்லை.

சித்தப்பா (டெக்சாஸ்), காலை 7:34
சொல்ல வாய் வரவில்லை அக்கா.

பெரியப்பா (கடலூர்), காலை 7:41
இப்போதாவது சொன்னாயே, நல்லது.
பாப்பா, உனக்கு நான் சொல்வது. விசையை அழுத்தி வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்காதே. சில தோட்டா தாமதமாக வெடிக்கும். குழல் குறியைப் பார்த்தபடியே இருக்கட்டும், இடது கையைத் தூக்கு, முப்பது எண்ணு. அதிகாரி வந்து சொன்னால்தான் அடுத்த வேலை. குண்டு சின்னதுதானே என்று நினைக்காதே, ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகும். மண்மேட்டைத் தவிர வேறு எங்கேயும் குழல் திரும்பக் கூடாது.

சித்தப்பா (டெக்சாஸ்), காலை 7:44
சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. குண்டு ஈயம். கழுவாமல் முறுக்குக்கூடச் சாப்பிடாதே.

தம்பி, காலை 7:46
பெரியப்பா, தாத்தாவின் துப்பாக்கி இப்போது எங்கே?

பெரியப்பா (கடலூர்), காலை 7:55
அவர் போனதும் முறைப்படி ஒப்படைத்துவிட்டோம். கடல் காற்று அதைத் தின்றுகொண்டே இருந்தது. தேவனாம்பட்டினம் பக்கமிருந்து காற்று அடிக்கும் மாதங்களில் வாரம் ஒரு தடவை தையல் மெஷின் எண்ணெய் போட்டுத் துடைப்பார். ஒரு வாரம் விட்டால் குழல்மேல் மிளகாய்த்தூள் தூவியது மாதிரி துரு. உன் ரைபிளுக்கு எப்படிடா தம்பி?

சித்தப்பா (டெக்சாஸ்), காலை 8:02
நான் இருப்பது ஹூஸ்டன், கடலூர் மாதிரியே புழுக்கம். ஆனால் இதைத் துடைப்பதில் ஒரு சிக்கல், பின்பக்கம் மூடியிருப்பதால் வாய்ப்பக்கமிருந்துதான் கம்பி விட முடியும். வாயின் ஓரம் தேய்ந்தால் குறி கெட்டுப்போகும். அதனால் கம்பியை விட்டுவிட்டு, கயிறு மாதிரி இழுக்கும் துணி வைத்திருக்கிறேன். மடக்குக் கீலில்தான் கரி போய் ஒட்டுகிறது, அதற்குப் பழைய பல் துலக்கும் பிரஷ்.

திங்கள்

நான், மாலை 5:40
📷 படம்
வந்துவிட்டேன். 25 கஜம், 5 குண்டு. நான்கு ஒன்றாக விழுந்திருக்கிறது, ஒன்று மேலே தள்ளி. மூன்றாவது முதலில் வெடிக்கவில்லை பெரியப்பா.

பெரியப்பா (கடலூர்), மாலை 5:41
என்ன செய்தாய்?

நான், மாலை 5:43
கை தூக்கி முப்பது எண்ணினேன். பக்கத்தில் இருந்த பெண் திறந்துவிடு என்றாள், திறக்கவில்லை. சார் வந்து எடுத்துவிட்டு வேறு தோட்டா கொடுத்தார். மேலே போனது அதுதான், கன்னத்தை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

சித்தப்பா (டெக்சாஸ்), மாலை 5:50
அந்த நான்கையும் ஸ்கேல் வைத்து அளந்து அனுப்பு கண்ணு. ஆபீஸ் கிளம்புவதற்குள் பார்க்க வேண்டும்.

நான், மாலை 5:56
மூன்றரை சென்டிமீட்டர்.