லிண்டல் கான்கிரீட் வருது, கிச்சன் லைட் பாயிண்ட் எங்கெங்கே விடணும்?

புதுமனை:
வணக்கம். கிச்சன் உள்அளவு 10க்கு 8 அடி, ரூஃப் உயரம் 10. பத்தடி கிழக்குச் சுவர் முழுக்க அடுப்பு மேடை: அகலம் 2 அடி, உயரம் 33 அங்குலம், கறுப்பு கிரானைட். நடுவில் சிம்னி வரும். அதே சுவரில் 7 அடி உயரத்தில் 2 அடி அகல லாஃப்ட் (கான்கிரீட் பரண்). சிங்க் வடக்கு ஜன்னலுக்குக் கீழே. கபோர்டு வேலை ஒரு வருஷம் கழித்துத்தான். அடுத்த வாரம் லிண்டலும் (கதவு, ஜன்னல் மேல் வரும் கான்கிரீட் பட்டி) லாஃப்ட்டும் போடுகிறார்கள். எலக்ட்ரீஷியன் "நடுவுல ஒரு ட்யூப் போதும் சார்" என்கிறார். வீட்டில் நாலு டவுன்லைட் (சீலிங்கில் பதிக்கிற சின்ன லைட்) கேட்கிறார்கள். ரூஃப் போடும்போது முடிவு பண்ணிக்கொள்ளலாமா?

வயர்மேன்:
ரூஃப் பாயிண்ட் காத்திருக்கும். லாஃப்ட் பாயிண்ட் காத்திருக்காது, அதை இந்த வாரமே சொல்லிடுங்க.

நடு ட்யூப் மட்டும் ஏன் போதாதுன்னா, உங்க அளவிலேயே கணக்குப் போடலாம். லைட் கிழக்குச் சுவரிலிருந்து 4 அடி தள்ளி, 10 அடி உயரத்துல இருக்கு. நிமிர்ந்து நின்னா மேடையோட முன் விளிம்புல சுமார் நாலு அங்குலம்தான் நிழல் விழும். ஆனா காய் நறுக்கும்போது யாரும் நிமிர்ந்து நிக்கிறதில்ல. தலை மேடைக்கு மேல வந்துட்டா, சுவர்ப் பக்கம் சுமார் எட்டு அங்குலம் விட்டு மீதி எல்லாம் நிழல். பலகை, கத்தி, விரல் மூணும் அதுக்குள்ளதான்.

அதனால லாஃப்ட்டுக்கு அடியில ரெண்டு பாயிண்ட், சிம்னிக்கு ரெண்டு பக்கமும். சுவரிலிருந்து சரியா 1 அடி தள்ளி. விளிம்பு ஓரமா வச்சா குனியும்போது மறுபடி தலை நிழல்தான். 4 அடி 20 வாட் எல்இடி பேட்டன் (ட்யூப் மாதிரி நீள லைட்) ரெண்டு போட்டா நறுக்குற இடத்துக்குத் தாராளம்.

லாஃப்ட் 3 அங்குலம்தான் இருக்கும். அதுல ரூஃபுக்குப் போடுற டீப் பாக்ஸ் (ஆழமான வயர் பெட்டி) அடங்காது, உயரம் குறைஞ்ச ஜங்ஷன் பாக்ஸ் கேளுங்க. பைப் 20 எம்எம், சுவரிலிருந்து நேரா வெளியே வரணும். முக்கியமா ஒண்ணு: லாஃப்ட்டுக்கு மெயின் கம்பி மேல்பக்கம்தான் இருக்கும். பைப் அதுக்குக் கீழே போகணும். பைப்புக்கு இடம் பண்றேன்னு கம்பியை மிதிச்சு இறக்கிட்டா சுவர் ஓரமா விரிசல் விடும். பாக்ஸுக்குள்ள பேப்பரை நல்லா அடைச்சு டேப் ஒட்டிடுங்க, சிமெண்ட் பால் இறங்கினா அப்புறம் உளியாலதான் எடுக்கணும்.

மரவேலை_மாடுலர்:
வயர்மேன் சொன்ன இடம் கபோர்டு வந்தாலும் வீணாகாது. பேட்டனைக் கழற்றிவிட்டு அதே பாக்ஸிலிருந்து வயரைக் கபோர்டுக்குள் இறக்கி, கீழே ஸ்ட்ரிப் (ஒட்டுகிற எல்இடி நாடா) போட்டுக்கொள்ளலாம்.

அப்போது கவனிக்க வேண்டியது: ஸ்ட்ரிப் கபோர்டின் முன்விளிம்பில் வர வேண்டும். கபோர்டு 12 அங்குலம், மேடை 24 என்பதால் வெளிச்சம் மேடையின் நடுவில் இறங்கும். சுவரோரம் ஒட்டினால் டைல்ஸ் மட்டும் ஜொலிக்கும். மீட்டருக்கு 10 வாட், 24 வோல்ட் எடுங்கள். 12 வோல்ட்டில் நீளம் கூடினால் கடைசிப் பக்கம் மங்கும். சிம்னிக்கு 2 அடி கழித்தால் 2.4 மீட்டர், ஆக 24 வாட். டிரைவர் (ஸ்ட்ரிப்புக்கு 24 வோல்ட் கொடுக்கிற பெட்டி) 36 வாட் இருக்கட்டும், முழுச் சுமையில் ஓடுகிற டிரைவர் சூட்டிலேயே சாகும். அதை அடுப்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள்.

பால்வெள்ளை மூடி போட்ட அலுமினியப் பட்டிக்குள்தான் ஸ்ட்ரிப் போக வேண்டும். இல்லையென்றால் கறுப்பு கிரானைட்டில் ஒவ்வொரு எல்இடியும் புள்ளி புள்ளியாகத் தெரியும். தாளிப்புப் புகையில் பசையும் சீக்கிரமே விட்டுப்போகும்.

டவுன்லைட் எனக்குச் சம்மதமில்லை. ஃபால்ஸ் சீலிங் இல்லையென்றால், அதற்கான பெட்டியை ரூஃப் கான்கிரீட்டிலேயே பதிக்க வேண்டியிருக்கும். ஃபேன் வேறு இருந்தால், இறக்கைக்கு மேலே வந்த லைட் விட்டுவிட்டு மினுக்கும்.

புதுமனை:
ரெண்டு பேருக்கும் நன்றி. அப்போ நடு ட்யூபே வேண்டாமா? கலர் எது? ஸ்விட்ச் எங்கே?

வயர்மேன்:
நடு லைட் வேணும், ஒரே ஒரு 20 வாட். அது பாத்திரம் எடுக்க, தரை கூட்ட. சிங்க்குக்கு ஜன்னல் மேல தனியா ஒண்ணு விடுங்க, ராத்திரி ஜன்னலால ஒரு பிரயோஜனமும் இல்ல.

கலர் எல்லாமே 4000 கெல்வின் (நீலமும் மஞ்சளும் அடிக்காத வெள்ளை), சிஆர்ஐ 90 (பொருளோட நிறம் எவ்வளவு சரியாத் தெரியும்ங்கிற அளவு). 6500ல வெளுப்பா நீலம் அடிக்கும், வெங்காயம் பொன்னிறமாச்சா கருகுதான்னு சட்டுனு தெரியாது. ஒண்ணு வெள்ளை ஒண்ணு மஞ்சள்னு கலந்துடாதீங்க.

நடு லைட் ஸ்விட்ச் வாசல்கிட்ட. மேடை லைட் ஸ்விட்ச் மேடைக்கு மேல ஒரு அடியில, அடுப்புக்குப் பின்னாடியும் சிங்க் பக்கமும் வேண்டாம். லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர எம்எம்) வயர், மிக்ஸி கிரைண்டர் பிளக்குக்குத் தனி லைன். மேடை லைட்டை இன்வெர்ட்டர் லைன்ல சேர்க்கச் சொல்லுங்க. பாதிப் பேர் நடு லைட்டை மட்டும் சேர்த்துடுவாங்க, கரண்ட் போகும்போது கையில கத்தி இருக்குறது மேடைகிட்டதான்.

மரவேலை_மாடுலர்:
ஒன்று விட்டுப்போயிற்று. லாஃப்ட் முன்விளிம்பில் கீழே தொங்கும்படி கான்கிரீட் பட்டி வைத்துப் போடச் சொல்லுங்கள். பட்டி போதிய அளவு கீழே இறங்கினால், ஹாலில் உட்காரும்போது பேட்டன் கண்ணில் அடிக்காது. கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடிப்பதற்கு முன்னாலேயே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.