பிரிண்டர் விழித்தால் கணினியில் நெட் போகிறது: ஐபி மோதலை எங்கே தேடுவது?

கேள்வி
விண்டோஸ் 10 கணினியில் ஐபி முகவரி மோதல் (இரண்டு கருவிகளுக்கு ஒரே நெட்வொர்க் முகவரி) என்று அடிக்கடி எச்சரிக்கை வந்து நெட் நின்றுவிடுகிறது. ரவுட்டர் 192.168.1.1. வைஃபை பிரிண்டரில் 192.168.1.5 என்று கையால் போட்டிருக்கிறது. ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, மறுநாள் மறுபடி அதே கதை. மாடியில் சிக்னலுக்காகப் பழைய ரவுட்டர் ஒன்றும் ஓடுகிறது.

பதில் 1
எதோடு மோதுகிறது என்பதை முதலில் பாருங்கள். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போய் 4199 என்ற எண்ணைத் தேடினால் மோதிய கருவியின் மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள அடையாள எண்) அதிலேயே இருக்கும். பிரிண்டரில் நெட்வொர்க் பக்கத்தை அச்சடித்து ஒப்பிடுங்கள்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: ரவுட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி தரும் வசதி) வரம்பு, முகவரியின் கடைசி எண்ணில் 2 முதல் 254 வரை இருக்கும், உங்கள் பிரிண்டரின் .5 அதற்குள் விழுகிறது. பிரிண்டரில் கையால் போட்டது ரவுட்டருக்குத் தெரியாது. பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் .5 காலி என்று கணினிக்குக் கொடுத்துவிடும். வரம்பை 100–200 ஆக்குங்கள். பிரிண்டரைத் தானியங்கிக்கு மாற்றி, ரவுட்டரிலேயே அதன் மேக்குக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும்படி ரிசர்வ் செய்யுங்கள். வரம்புக்கு வெளியே உள்ள எண்ணை உங்கள் ரவுட்டர் ஏற்காவிட்டால் .150 போடலாம்.

பதில் 2
மாடி ரவுட்டரை விட்டுவிடாதீர்கள். கீழிருந்து வரும் கேபிள் அதன் லேன் போர்ட்டில் இருந்தால், இரண்டு ரவுட்டரும் ஒரே நெட்வொர்க்கில் தனித்தனியாக முகவரி வழங்கும். இரண்டுமே 192.168.1.1 என்றால் இன்னும் மோசம். கணினியை அதில் மட்டும் இணைத்து, முதலில் அதன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள், அடுத்து டிஎச்சிபியை நிறுத்துங்கள். வரிசையை மாற்றினால் கணினிக்கு முகவரி கிடைக்காமல் செட்டிங் பக்கமே திறக்காமல் போகலாம்.

கேட்டவர்
4199-இல் இருந்த மேக் பிரிண்டருடையதுதான். மாடியிலும் டிஎச்சிபி ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தியாயிற்று. பிரிண்டர் இப்போது .150. ஆனால் கணினி இன்னும் .5-ஐ விடவில்லை.

பதில் 1
பழைய லீஸ் (ரவுட்டர் அந்த முகவரியைக் கொடுத்த தவணை) முடியவில்லை. கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் ரிலீஸ் (ipconfig /release), பிறகு ரினியூ (ipconfig /renew) கொடுங்கள். அதற்குப் பிறகும் .5 என்றால் ரவுட்டரில் வரம்பு 100–200 ஆகியிருக்கிறதா பாருங்கள்; ஆகியிருந்தால் கணினியிலும் யாரோ கையால் போட்டிருக்கலாம். அடாப்டரின் ஐபிவி4 பக்கத்தில் தானாகப் பெறும்படி மாற்றுங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் எந்த ரவுட்டரும் பதில் தரவில்லை என்று பொருள். அப்போது கீழ் ரவுட்டரில் டிஎச்சிபி தவறுதலாக அணைந்திருக்கிறதா பாருங்கள்.

பதில் 2
போனுக்கும் ரிசர்வ் செய்வதாக இருந்தால், அதன் வைஃபை செட்டிங்கில் ரேண்டம் மேக்கை (உண்மையான மேக்குக்குப் பதில் வேறொன்றைக் காட்டும் வசதி) அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.