தேர்தலும் பணமும்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கணக்குப்பிள்ளை:
2021 சட்டமன்றத் தேர்தலில் தென்மாவட்டத் தொகுதி ஒன்றில் செலவினக் கண்காணிப்புப் பணி எனக்கு விழுந்தது. வேட்பாளர் ஒருவருக்கு உச்சவரம்பு 30.8 லட்சம் ரூபாய். தேநீருக்கு இவ்வளவு, பிரியாணிக்கு இவ்வளவு, நாற்காலி வாடகைக்கு இவ்வளவு என்று மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் கொடுத்திருந்தது. கூட்டங்களின் வீடியோவை ஓடவிட்டு, நாற்காலிகளை எண்ணி, நாங்கள் தனியாக வைத்திருக்கும் நிழல் பதிவேட்டில் ஏற்றுவோம். பிறகு வேட்பாளரின் முகவர் கொண்டுவரும் கணக்கோடு ஒப்பிடுவோம்.

பூமாலைக்கு நாங்கள் போட்ட விலை அதிகம் என்று ஒரு முகவர் வெகுநேரம் வாதாடினார். முந்தைய இரவு தெருத்தெருவாகப் பணம் போனது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பறக்கும் படையிடம் சிக்கினால்தான் அது பதிவேட்டுக்கு வரும். சிக்கவில்லை. எல்லோருடைய கணக்கும் வரம்புக்குள் அம்சமாக முடிந்தது!

கட்சியின் பொதுப் பிரச்சாரச் செலவுக்கோ வரம்பே கிடையாது. வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டே ஆட்சியில் இருந்தவர்கள் சட்டத்தைத் திருத்தித் தப்பித்துக்கொண்டார்கள்.

வடசென்னைக்காரி:
பணப்பட்டுவாடாவுக்காக 2017 ஏப்ரலில் இடைத்தேர்தலே ரத்தான ஆர்.கே.நகர் எங்கள் பக்கம்தான். அதற்குப் பிறகு வந்த ஒரு தேர்தலில் எங்கள் வீட்டுக்கும் கவர் வந்தது. வேண்டாம் என்றேன். வந்த பையன் பட்டியலைக் காட்டினான். எங்கள் வீட்டுப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. "நீங்கள் வாங்காவிட்டாலும் மேலிடத்துக் கணக்கில் கொடுத்ததாகத்தான் இருக்கும், அக்கா" என்றான். அப்படியானால் இந்தப் பணம் யாருக்குப் போகும் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

பழைய கிளைச் செயலாளர்:
ஓட்டுக்குப் பணம் கடைசிக் கட்டம், ஐயா. வேட்பாளர்களை வடிகட்டுவது அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. நானும் ஒருமுறை கடன் வாங்கி விருப்ப மனுக் கட்டணம் கட்டி, சென்னையில் நேர்காணலுக்குப் போனேன். எந்தப் போராட்டத்தில் சிறை சென்றேன் என்று சொல்லத் தொடங்கினேன். "அதெல்லாம் மனுவிலேயே இருக்கிறது. எவ்வளவு செலவழிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். எனக்கு அடுத்து உள்ளே போனவர் கல்குவாரி முதலாளி. கட்சியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அவருக்கே சீட்டு. அவரே வென்றார்.

அவர் பணத்தால் எத்தனை ஓட்டு விழுந்தது என்பதைவிட என்னை உறுத்துவது வேறு. குவாரி வெடியில் வீட்டுச் சுவர்கள் விரிசல் விடுகின்றன என்று எங்கள் ஊர்க்காரர்கள் மனு எழுதினார்கள். தொகுதி எம்.எல்.ஏ.விடம் கொடுப்பதுதானே வழக்கம்? அந்த எம்.எல்.ஏ.வே குவாரிக்காரர்.

கணக்குப்பிள்ளை:
அந்த மனு என்ன ஆயிற்று, அண்ணாச்சி?

பழைய கிளைச் செயலாளர்:
ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தோம். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். வெடி வைக்கும் நேரத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எம்.எல்.ஏ. அடுத்த தேர்தலுக்கும் தயாராகிவிட்டார். இந்த முறை எங்கள் ஒன்றியத்தில் அவருக்குப் போட்டியாக விருப்ப மனுக் கட்டணம் கட்ட ஆளே இல்லை.