மீன் ஏலத்துப் பணத்தோடு நடப்பவனுக்கு எந்த ரிவால்வர் பொருந்தும்?

காசிமேட்டுக்காரன் கேட்டது:

வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத் தரகு செய்கிறேன். அப்பா காலத்திலிருந்து இதே தொழில். விடியற்காலை இரண்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால், வஞ்சிரமும் சங்கராவும் ஏலம் போய், படகுக்காரர், ஐஸ்காரர் எல்லோருக்கும் கணக்குத் தீர்த்துத் திரும்ப எட்டு மணியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மடியில் மூன்று நான்கு லட்சம் இருக்கும். பாதி வியாபாரம் கைப்பேசிக்கு மாறிவிட்டாலும், வலை இழுக்கிறவருக்குப் பங்கை இன்றும் ரொக்கமாகத்தான் எண்ணிக் கொடுக்கிறோம்.

சென்ற ஆண்டு தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன இரண்டாவது வாரம், எஸ்.என். செட்டித் தெருவில் பைக்கில் வந்த இருவர் பையைப் பிடித்து இழுத்தார்கள். நான் விடவில்லை. இடது மணிக்கட்டில் கத்தி பட்டு ஏழு தையல். சுண்டுவிரல் இன்றுவரை முழுதாக மடங்கவில்லை. அதற்குப் பிறகு லைசென்சுக்கு விண்ணப்பித்து, வேப்பேரி போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குப் பல முறை நடந்து, பயிற்சிச் சான்றிதழும் வாங்கி, இப்போது கைக்கு வந்திருக்கிறது. .32 ரிவால்வர் ஒன்று வாங்கலாம்.

வேட்டி, அரைக்கைச் சட்டை, இடுப்பில் பணம் வைக்கும் அகலமான பச்சை பெல்ட். இதுதான் என் உடை. வெளியே தெரியாமல் தினமும் ஐந்தாறு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் இருப்பதிலேயே எடை குறைந்ததைக் காட்டுகிறார். தெரிந்த ஒருவர் தம் அப்பாவின் பழைய வெளிநாட்டு ரிவால்வரைத் தரத் தயாராக இருக்கிறார். எதை எடுப்பது? வைத்திருந்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை ஆர்மரர்:

தம்பி, சீருடைத் துறையில் 31 ஆண்டுகள் துப்பாக்கி பழுது பார்ப்பதே என் வேலை. ஓய்வு பெற்றும் கை அதை மறக்கவில்லை. நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு: உங்கள் சுண்டுவிரல், உங்கள் ஊர்க் காற்று.

முதலில் பழைய வெளிநாட்டு ரிவால்வர். கைத்துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதனால் இங்கே கைமாறுபவை எல்லாம் வயதானவை, பெயருக்காகவே விலை ஏறியவை. கட்டாயம் பார்க்க வேண்டுமென்றால், தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, பின்பக்கம் தோட்டாவை அடிக்கும் சுத்தியலைப் பின்னால் இழுத்து நிறுத்தி, தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டரைக் கட்டைவிரலால் அசைத்துப் பாருங்கள். கதவுத் தாழ்ப்பாள் போல லொடலொடவென்று ஆடினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தோட்டாவும் குழலும் நேர்க்கோட்டில் நிற்காத ரிவால்வர் சுடுகிறவன் முகத்தில் ஈயத்தைத் துப்பும். உதிரிப் பாகத்துக்கும் நீங்கள் எங்கும் போக முடியாது.

புதியவற்றில், கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர் பழைய பிரிட்டிஷ் ரிவால்வரான வெப்லி வழியில் வந்தது. குழல் கீழ்நோக்கி மடியும், ஆறு காலித் தோட்டாக்களும் ஒன்றாக மேலே எழும். எஃகு உடல், ஏறக்குறைய 700 கிராம். 2014இல் வந்த நிர்பீக் அதே குடும்பம்தான். டைட்டானியம் கலவை உலோகம், சுமார் 500 கிராம். 2023இல் வந்த பிரபல் வேறு அமைப்பு. சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும், குழல் 76 மில்லிமீட்டர், முழு நீளம் 177.6 மில்லிமீட்டர், எடையும் எஃகு ரிவால்வர் அளவுதான்.

இங்கேதான் உங்கள் விரல் வருகிறது. பக்கவாட்டில் திறப்பதற்கு இடது கை விரல்கள் சிலிண்டரை வெளியே தள்ளி, திரும்ப மூடும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். மடியும் வகையை வலது கட்டைவிரலால் தாழை அழுத்தி, குழலைத் தொடையில் ஊன்றியே திறந்துவிடலாம். கடையில் காலித் துப்பாக்கியோடு இரண்டையும் இருபது தடவை திறந்து மூடுங்கள். எது உங்கள் கையைக் கெஞ்ச வைக்கிறதோ அதை விட்டுவிடுங்கள். வலது கையில் பிடித்தும் பாருங்கள். சிறிய ரிவால்வரில் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் போகும். உங்களுக்கு இருக்கும் ஒரே நல்ல சுண்டுவிரலையும் காற்றில் தொங்கவிடக் கூடாது.

விசையை நேரடியாக இழுத்துச் சுடும்போது கனமாக இருக்கும், சுத்தியலை முன்பே பின்னால் இழுத்துவிட்டால் லேசாகிவிடும். பதற்றத்தில் சுத்தியலை இழுத்து வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கனமான இழுப்பிலேயே பழகுங்கள். அந்தக் கனம்தான் உங்களுக்குக் காப்பு.

இனி காற்று. காசிமேட்டில் வைத்திருந்த ஓர் எஃகு ரிவால்வரை ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு என்னிடம் கொண்டுவந்தார்கள். வெளியே பளபளப்பு. கைப்பிடித் தகடுகளைக் கழற்றினேன். உள்ளே வியர்வை இறங்கிய வழியெல்லாம் காப்பித் தூள் அப்பியது போலத் துரு. தோல் பட்டையில் செருகி வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளையில் பச்சைக் களிம்பு. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. அந்தத் தோட்டா சிலிண்டருக்குள் சிக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

ஆகவே வீட்டுக்கு வந்ததும் தோலுறையிலிருந்து எடுத்துவிடுங்கள். உறைக்குள் தூங்க வைக்காதீர்கள். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, வெளியே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. சிலிண்டர் அறைகள் மட்டும் எண்ணெயின்றி உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் தோட்டாவின் அடிக்குள் கசிந்தால் அது வெடிக்காமல் போகலாம். டைட்டானியம் துருப்பிடிக்காது என்று யாராவது சொன்னால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எஃகுதான் என்று சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் உடைக்கும் வேர்வைக்கும் 500 கிராம்தான் சரி. .32 தோட்டாவின் உதைப்பு மென்மையானது, எடை குறைவதால் பெரிய நஷ்டமில்லை. கனமானதை வாங்குபவர் பத்தாவது நாள் அலமாரியில் வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

சுங்கச்சாவடி அடகுக்கடை:

அண்ணா, 11 ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பச்சை பெல்ட்டில் ரிவால்வரைச் செருகாதீர்கள். பணப்பையும் துப்பாக்கியும் ஒரே இடத்தில் இருந்தால், பணம் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கைப்பிடி வெளியே தெரியும். துணி பெல்ட் நெகிழும், உட்கார்ந்தால் உறை கவிழும். நான் வேட்டியை விட்டுப் பேன்ட்டுக்கு மாறியதே இதற்காகத்தான். விறைப்பான தோல் பெல்ட், விசையை முழுதாக மூடும் உறை, மேலே சட்டை. வெற்று இடுப்பில் செருகுவது வேண்டவே வேண்டாம்.

பாரிமுனை வழக்கறிஞர்:

ஐயா, உங்கள் மணிக்கட்டுத் தழும்பைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்தது. ஆனாலும் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2024 ஜூலை 1 முதல் தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. கத்தியோடு மேலே விழுகிறவனிடம் உயிரைக் காக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் 37ஆம் பிரிவு, காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் கேடு செய்யக் கூடாது என்கிறது. பையைப் பறித்துக்கொண்டு பைக் திரும்பிவிட்டது, முதுகு தெரிகிறது என்றால் அப்போது சுடுவது வேறு கதை. நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள். போகிற பணம் போகட்டும்.

2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும், எடுத்துக் காட்டி மிரட்டவே கூடாது. வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் போகும் பழக்கம் இருந்தால் அந்த நாளில் ரிவால்வர் வேண்டாம், உள்ளே விடமாட்டார்கள். தேர்தல் அறிவிப்பு வந்து ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்து ரசீது வாங்கி வையுங்கள். உங்கள் பெயரில் உள்ளதை, நீங்கள் உடன் இல்லாமலும் எழுதிக் கொடுக்காமலும், மருமகனோ தம்பியோ ஒரு தெரு தூரம்கூட எடுத்துப் போகக் கூடாது.

இன்னொன்று. ஏலக் கூட்டத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அங்கே உங்கள் இடுப்பில் கை வைப்பவன் திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கூடைக்காரரின் முழங்கையாகவும் இருக்கலாம்.

காசிமேட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வழக்கறிஞர் அம்மா கடைசியில் எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஏலத்தை மருமகன் கூவட்டும், நீங்கள் கணக்கு அறையில் உட்காருங்கள்” என்றாள். அப்படியே செய்வதாக முடிவு.

இன்று கடைக்குப் போய் ஆர்மரர் ஐயா சொன்னபடி திறந்து மூடிப் பார்த்தேன். பக்கவாட்டில் திறப்பது எட்டாவது தடவையிலேயே இடது கையை வலிக்கச் செய்தது. மடியும் வகையைத் தொடையில் ஊன்றித் திறந்தேன், இருபதும் முடிந்தது. பழைய வெளிநாட்டு ரிவால்வர் வேண்டாமென்று அவரிடம் சொல்லிவிட்டேன். 500 கிராம் உள்ளதற்கு முன்பணம் கட்டிவிட்டேன். தையல்காரரிடம் இரண்டு பேன்ட் தைக்கக் கொடுத்திருக்கிறேன், பெல்ட் வளையங்களை அகலமாக வைக்கச் சொல்லி.

ஐயா, ஒரு சந்தேகம் மட்டும். மீன் தண்ணீர் தெறித்தால் அன்றே கைப்பிடித் தகட்டைக் கழற்றித் துடைக்க வேண்டுமா, வாரம் ஒரு முறை போதுமா?

தண்டையார்பேட்டை ஆர்மரர்:

தெறித்த அன்றே, தம்பி. திருகாணிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி கொண்டு கழற்றுங்கள், இல்லையென்றால் தலை தேய்ந்துவிடும். முதல் தடவை என் வீட்டுக்கு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து செய்து காட்டுகிறேன். தோட்டாக்களை உங்கள் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வாருங்கள்.