முக்கோணத்துல நம்பர் இருக்கே, அப்பறம் ஏன் எடுக்க மாட்டேங்கறாங்க?

ராத்தூக்கம்:
வணக்கம் மக்களே. பாக்கிங் குப்பையை தனியா பிரிச்சு வைக்க ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு, அடியில முக்கோணமும் நம்பரும் இருந்தா மறுசுழற்சிக்குப் போகும்னு நெனச்சு எல்லாத்தையும் கழுவி ஒரே பையில போட்டேன், போன வாரம் எடுக்கறவர் பாதியை வாசல்லயே வெச்சிட்டுப் போயிட்டார். கறுப்பு தட்டு (5னு இருக்கு), பிஸ்கட் கவர், ஜூஸ் அட்டை டப்பா, பேப்பர் கப், கடை பில்லு. எதுல தப்பு பண்றேன்?

பழைய டப்பா:
நம்பரை நம்பி நானும் ஏமாந்திருக்கேன். 1988ல அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்காரங்க கொண்டு வந்தது அது, இது என்ன பிளாஸ்டிக்னு மட்டும்தான் சொல்லும், எடுப்பாங்களா மாட்டாங்களான்னு சொல்லாது. சுத்தற அம்புக்குறிதான் எல்லாரையும் குழப்புது, 2013ல அதை வெறும் முக்கோணமா மாத்தியும் பழைய அச்சு இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. 1, 2 நம்பர் போட்ட பாட்டில்னா பெரும்பாலும் எடுத்துப்பாங்க, 5ம் நம்பர் ஆளுக்கு ஆள் மாறும், 3, 6, 7 போட்டா அனேகமா திரும்பி வரும்.

உங்க தட்டு 5ங்கறதை விட கறுப்புங்கறதுதான் பிரச்சனையா இருக்கும். பெரிய ஆலைல அகச்சிவப்பு ஒளி அடிச்சு பிளாஸ்டிக்கை பிரிப்பாங்க, கறுப்பு சாயத்துல இருக்கற கார்பன் அந்த ஒளியை அப்படியே முழுங்கிடும், மெஷின் கண்ணுக்கு தட்டே தெரியாது.

கத்திரிக்கோல்:
கவரை கைல கசக்கிப் பாருங்க. கசங்கின மாதிரியே நின்னா அலுமினியத்தாள், விரிஞ்சு பழையபடி வந்தா பிளாஸ்டிக் மேல மெல்லிசா உலோகம் பூசினது, அதுல ரெண்டையும் பிரிக்கறதுக்குள்ள தாவு தீந்துரும். பேப்பர் கப்பை கிழிச்சா உள்ள மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தோல் உரியும் பாருங்க, அதான் காரணம். ஜூஸ் டப்பா முக்கால்வாசி அட்டைதான், மிச்சம் பாலித்தீனும் கொஞ்சம் அலுமினியமும், அதுக்குன்னே ஆலை இருந்தா கூழாக்கி அட்டையை எடுத்துருவாங்க, இல்லேன்னா குப்பைதான். பில்லை நகத்தால கீறுங்க, கறுப்பா கோடு விழுந்தா ரசாயனம் பூசின தாள், தயவுசெஞ்சு பேப்பரோட கலக்காதீங்க.

ராத்தூக்கம்:
எல்லாத்தையும் இப்பதான் செஞ்சு பார்த்தேன், பில்லு கறுத்துருச்சு 😅 நம்பரே இல்லாத டப்பாவை என்ன பண்றது? அப்பறம் பாட்டில் மூடியை கழட்டணுமா?

பழைய டப்பா:
ஒரு துண்டு வெட்டி தண்ணில போட்டு விரலால முழுசா அமுக்கி விடுங்க, அமுக்கலேன்னா முங்கற பிளாஸ்டிக்கும் மேல ஒட்டிக்கிட்டு மிதக்கும். மேல வந்தா 2, 4, 5ல ஏதோ ஒண்ணு, அடில போனா 1, 3, 6ல ஒண்ணு. தெர்மாகோலும் 6தான், ஆனா உள்ள காத்து இருக்கறதால மிதக்கும், அதை கணக்குல சேக்காதீங்க.

மூடி கதையும் இதே தண்ணி வித்தைதான். பாட்டிலை மூடியோட நொறுக்கி தொட்டில கொட்டினா பாட்டில் துகள் அடிக்குப் போயிரும், மூடித் துகள் மிதக்கும், அள்ளிடுவாங்க. அதனால உங்க ஆளு வேற மாதிரி சொல்லலேன்னா மூடியோடயே போடுங்க, தனியா போட்டா சின்ன சாமான் சல்லடைல விழுந்து காணாமப் போயிரும்.

கத்திரிக்கோல்:
பம்பு வெச்ச ஷாம்பு பாட்டில்னா மட்டும் பம்பை கழட்டிருங்க, உள்ள ஸ்பிரிங் இருக்கும். ஒண்ணு கேக்கணும், எடுக்க வர்றவர்கிட்ட நேரா கேட்டீங்களா? நாங்க இங்க என்ன சொன்னாலும் அவர் கொண்டு போற இடத்துல வாங்கினாதானே.

ராத்தூக்கம்:
கேட்டேன்! கறுப்பு வேணாம், ஜூஸ் டப்பா தட்டையாக்கி தனியா கட்டி வெச்சா எடுத்துக்கறேன்னார், ரெண்டு மாசமா கேக்காம விட்டது என் தப்பு. இப்ப மிச்சம் பேஸ்ட் டியூப்தான், வெட்டிப் பார்த்தா உள்ள வெள்ளிக் கலர். இதை யாராச்சும் எங்கயாச்சும் கொடுக்கறீங்களா?